கடவுளை நம்புவது அறிவுக்கு ஒத்ததா?

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரின் தேக்காவில் நானும் என் அக்கா மகனும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவன் தேசிய சேவையில் இருக்கிறான். முகாமிலிருந்து வீட்டுக்கு வரும் வாரங்களில் என்னோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசாமல் போகமாட்டான். பூசத்தன்று அவனுடைய அப்பா சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை பால்குடம் சுமந்து நடந்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு இவனும் கூடவே நடந்தான். ஆனால் இவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது.

"மாமா, வாட்ஸ்அப்ல வர்ற வைத்தியக் குறிப்பைக்கூட நாலு இடத்துல சரிபார்க்காம ஒத்துக்கமாட்டீங்க. கடவுள் விஷயத்துல மட்டும் ஏன் அப்படிச் செய்யறதில்ல?" என்று கேட்டான்.

அவன் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். தத்துவம் படிக்காதவர்களும் தொடர்ந்து வர முடிய வேண்டும் என்பதற்காகக் கலைச்சொற்களைக் கூடியவரை குறைத்திருக்கிறேன்.

முதல் தடை ஒரு சொல். அறிவுக்கு ஒத்ததை, காரண காரியம் பார்த்து ஏற்றுக்கொள்வதைத் தமிழில் பகுத்தறிவு என்கிறோம். ஆனால் 1925இல் சுயமரியாதை இயக்கம் தோன்றியதிலிருந்து அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டது. 'அவர் பகுத்தறிவுவாதி' என்று யாராவது சொன்னால், அவர் சாமி கும்பிடமாட்டார் என்று நாம் உடனே புரிந்துகொள்கிறோம். இந்த ஊரிலும் அப்படித்தான். பெரியார் இரண்டு முறை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பேசியிருக்கிறார். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, சாதிக் கொடுமைக்கு எதிரான அந்தச் சீர்திருத்த அலையில் பிறந்த பத்திரிகை. அந்த அலை நமக்குச் செய்த நன்மை பெரிது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொல்லை அந்தப் பொருளிலேயே விட்டுவிட்டால், 'கடவுள் நம்பிக்கை பகுத்தறிவாக இருக்க முடியுமா' என்ற கேள்வி 'சைவச் சாப்பாட்டில் மீன் இருக்க முடியுமா' என்பது போல ஆகிவிடும். கேட்கும்போதே பதிலும் முடிந்துபோகும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சொல்லை அதன் பழைய பொருளில்தான் வைத்துக்கொள்கிறேன்: பகுத்து அறிவது, அதாவது கையில் இருக்கும் ஆதாரத்தைப் பிரித்துப் பார்த்து, எடை போட்டு, ஒரு முடிவுக்கு வருவது.

அடுத்ததுதான் இந்த விஷயம் முழுவதற்கும் அடிப்படை. ஒரு நம்பிக்கை உண்மையா என்பது ஒரு கேள்வி. அதை ஒருவர் நம்புவது நியாயமா என்பது வேறு கேள்வி.

மத்தியானம் மூன்று மணி. தீவின் மேற்கே ஜூரோங்கில் நிற்கிறீர்கள். வானம் கறுத்துவிட்டது, காற்று சில்லென்று வீசுகிறது, தூரத்தில் இடி கேட்கிறது. மழை வரும் என்று நம்பிக் குடையை எடுத்துக்கொள்கிறீர்கள். காற்று திசை மாறிவிட, உங்கள் தலையில் ஒரு துளி விழவில்லை. உங்கள் நம்பிக்கை பொய்யாகிவிட்டது, ஆனால் அப்படி நம்பியதில் ஒரு குறையும் இல்லை. சரி, இன்னொருவரைப் பாருங்கள். கனவில் ஒரு வாகன எண்ணைக் கண்டு, இந்த வாரம் ஃபோர்டி (4D) லாட்டரியில் இதுதான் விழும் என்று அடித்துச் சொல்லி, கையில் இருந்த பணத்தையெல்லாம் அதில் கட்டுகிறார். அந்த எண்ணே விழுந்தும் விடுகிறது. அவருடைய நம்பிக்கை உண்மையாகிவிட்டது. அவர் நம்பிய விதத்தை அறிவுடையது என்று சொல்வீர்களா? பரிசு விழுந்த பிறகும் நான் சொல்லமாட்டேன்.

இன்னும் ஒன்று. அதே மூன்று மணிக்குத் தீவின் கிழக்கே சாங்கியில் இருப்பவருக்கு வானம் வெளேரென்று தெரிகிறது. அவர் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறார். அவரும் தவறாக யோசிக்கவில்லை. இன்று தீவு முழுக்க மழை பெய்யுமா என்பதில் இருவரும் எதிர் எதிராக நம்புகிறார்கள், இருவரும் நியாயமாகவே நம்புகிறார்கள். தீவு முழுக்க மழை ஒன்று பெய்யும் அல்லது பெய்யாது. அதில் இரண்டு உண்மை கிடையாது.

கடவுள் விஷயத்திலும் இந்த இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். கடவுள் உண்டா இல்லையா என்பதை இந்தக் கட்டுரை தீர்க்கப்போவதில்லை. உண்டு என்று நம்பும் ஒருவர் தன் அறிவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நம்ப வேண்டுமா என்பதை மட்டும் பார்க்கப்போகிறோம்.

எவ்வளவு ஆதாரம் வேண்டும்?

எதை நம்பவும் ஆதாரம் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவர்களில் பெயர் பெற்றவர் வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1877இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைப் பற்றிச் சொல்கிறார். பழைய கப்பல், அடிக்கடி பழுது பார்த்தது. ஊரை விட்டுப் புதிய நாட்டுக்குக் குடிபோகும் மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். முதலாளிக்கு உள்ளுக்குள் சந்தேகம். ஆனால் சோதனை செய்யச் செலவாகும். எத்தனையோ பயணம் போய் வந்த கப்பல்தானே, தெய்வம் காப்பாற்றும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் மனமார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது, ஏனென்றால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்ட். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்று கூடுதலாக ஒரு வரி சொல்வார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கிய என் தாத்தாவை நினைத்துக்கொள்வேன். அவரைப் போன்றவர்களின் உயிர் யாரோ ஒருவர் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்ததில் இருந்தது. போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவது எவருக்கும் எப்போதும் தவறு என்பது கிளிஃபர்ட் எடுத்த முடிவு.

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் 1896இல் இதற்கு மறுமொழி சொன்னார். சில விஷயங்களில் ஆதாரம் இரண்டு பக்கமும் முடிவாக இருக்காது, ஆனால் ஒதுங்கி நிற்கவும் முடியாது, ஒதுங்குவதே ஒரு முடிவாகிவிடும். அந்த நேரத்தில் மனம் சாயும் பக்கம் சாய்வது குற்றமாகாது என்றார். ஒருவரை முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் நட்புக் கொள்வேன் என்பவருக்கு நண்பரே கிடைக்கமாட்டார்.

எனக்கு இருவர் பக்கமும் பாதி நியாயம் தெரிகிறது. கப்பல் முதலாளியின் தவறு, நம்பியதைவிட, வந்த சந்தேகத்தை அமுக்கியதில் இருக்கிறது. ஆனால் 'போதிய ஆதாரம்' என்று கிளிஃபர்ட் சொல்கிறாரே, எதை ஆதாரம் என்று கணக்கில் சேர்ப்பது? இந்தக் கேள்வியை நம் மரபு ஆயிரம் வருடத்துக்கு மேலாக நுணுக்கி நுணுக்கிப் பேசியிருக்கிறது. அதற்கு அளவை என்று பெயர். மணிமேகலையில் வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப் போய், உன் கொள்கை என்ன என்று மணிமேகலை கேட்கும் காதையில் முதலில் பேசுபவரே அளவைவாதிதான். அருணந்தி சிவாச்சாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியாரில், தம் கொள்கையைச் சொல்லத் தொடங்கும் முன் அளவைகளை எண்ணிக் காட்டுகிறார். பத்து என்று சொன்னாலும் மூன்றுக்குள் எல்லாம் அடங்கும்: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்பது.

புகையைக் கண்டு நெருப்பு என்பது போல

கருதலில் தொடங்குவோம். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. இதே வழியில் உலகத்தைக் கண்டு கடவுளை ஊகிக்க முடியுமா?

முடியும் என்று மிக உறுதியாகச் சொன்னவர்கள், நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபைச் சேர்ந்தவர்கள். அவர்களில் உதயனர் 'நியாயகுசுமாஞ்சலி' என்ற நூலையே இதற்காக எழுதினார். அடிப்படை வாதம் எளிமையானது: குடம் செய்யப்பட்ட பொருள், அதற்குக் குயவன் உண்டு. மண்ணும் மலையும் பகுதிகள் சேர்ந்து உண்டானவை, அவையும் செய்யப்பட்டவையே. ஆகவே அவற்றுக்கும் செய்தவன் ஒருவன் உண்டு.

தமிழில் மெய்கண்டார் இதையே இன்னும் இறுக்கமாகச் சொல்கிறார். சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் "அவன் அவள் அதுவெனும்" என்று தொடங்கும். ஆண், பெண், அஃறிணை என்று சுட்டிக் காட்டக்கூடிய இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. தானாக இம்மூன்றும் நடவாது, ஆகவே நடத்துபவன் வேண்டும். யாரிடம் ஒடுங்குகிறதோ அவனிடமிருந்தே மறுபடி தோன்றும். எல்லாம் மூன்றே அடிக்குள். சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று படித்தது நினைவிருக்கும். இறைவன் உலகை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கினான் என்று சித்தாந்தம் சொல்வதில்லை. மாயை என்ற முதற்பொருளிலிருந்து உண்டாக்குகிறான். குயவன் உவமை அதற்கு அப்படியே பொருந்துகிறது.

எதிர்ப்பு வெளியிலிருந்துதான் வந்தது என்று நினைக்க வேண்டாம். ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தருமகீர்த்தி கேட்ட கேள்வி இன்றுவரை கூர்மை மழுங்கவில்லை. குடம் மண்ணால் ஆனது, குயவன் செய்தான், சரி. புற்றும் மண்ணால் ஆனதுதானே, அதையும் குயவன் செய்தான் என்பீர்களா? குடத்துக்குக் குயவன் உண்டு என்று நமக்குத் தெரிவது குயவர்கள் குடம் வனைவதைப் பார்த்திருப்பதால். மலையை ஒருவர் வனைந்து நாம் பார்த்ததில்லை. இரண்டுக்கும் 'செய்யப்பட்டது' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் பொருளும் ஒன்றாகிவிடுமா? ஹியூம் என்ற ஸ்காட்லாந்து தத்துவ அறிஞரின் உரையாடல் நூல் அவர் இறந்த பின் 1779இல் வெளிவந்தது. அதிலும் ஏறக்குறைய இந்தக் கேள்விதான் வருகிறது: உலகம் கட்டிய வீட்டைப் போல இருக்கிறது என்று ஏன் சொல்ல வேண்டும், தானாக முளைத்து வளரும் செடியைப் போல இருக்கிறது என்று ஏன் சொல்லக் கூடாது? உயிர்களின் நுட்பமான உடலமைப்பைக் காட்டி, இதற்கு ஒரு கைவினைஞர் வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு, 1859இல் டார்வின் இயற்கைத் தேர்வு என்ற விளக்கத்தைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வாதத்தைப் பழைய வடிவில் சொல்ல முடியாமல் போனது.

வேதத்தை உயிருக்கு மேலாகப் போற்றிய மீமாம்சகர் குமாரிலபட்டரும் உலகைப் படைத்த கடவுள் என்பதை ஏற்கவில்லை. உடல் இல்லாதவன் எப்படிப் படைப்பான், எதற்காகப் படைப்பான் என்று கேட்டார். என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் இராமானுசர். அவரைவிடக் கடவுளை நம்பிய ஒருவரைக் காட்ட முடியுமா? பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் அவர் இந்தக் குயவன் வாதத்தைத் துண்டு துண்டாக உடைக்கிறார். பூமியும் கடலும் ஒரே காலத்தில் உண்டாயின என்று எப்படித் தெரியும்? ஒருவரே செய்தார் என்று எப்படித் தெரியும்? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்திருக்கலாமே? குயவனைப் பார்த்து ஊகித்தால் குயவனைப் போன்ற ஓர் உடலுள்ள ஆள்தான் கிடைப்பார், எல்லாம் அறிந்த இறைவன் கிடைக்கமாட்டான். ஊகத்தால் இறைவனை நிறுவ முடியாது, மறைதான் சொல்ல வேண்டும் என்று முடிக்கிறார்.

இதை என் அக்கா மகனிடம் சொன்னபோது அவனால் நம்ப முடியவில்லை. கடவுள் இருப்பதற்கான நிரூபணத்தைக் குறை சொல்பவர் நாத்திகராகத்தான் இருப்பார் என்று நினைத்திருந்தான். ஒரு வாதம் பலவீனமானது என்று காட்டுவது வேறு, அந்த முடிவே பொய் என்று காட்டுவது வேறு.

சரி, இந்த வாதங்களுக்கு இன்று மதிப்பே இல்லையா? இருக்கிறது என்று நினைக்கிறேன். மலைக்கு ஒரு குயவன் வேண்டும் என்பதை விட்டுவிடலாம். ஆனால் எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்பதை 1927இல் எழுதி, பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வழி திறந்த ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தம்முடைய இயற்பியலைக் கடவுளுக்கு நிரூபணமாகப் பயன்படுத்துவதை அவரே விரும்பவில்லை. பெருவெடிப்பு அந்தக் கேள்வியைத் தீர்க்கவில்லை, ஒரு படி பின்னால் தள்ளியது. அதற்குப் பதிலாகக் கடவுளை ஒருவர் வைத்தால் அது நிரூபணமாகாது, ஆனால் முட்டாள்தனமும் ஆகாது. 'அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான்' என்பவரும் தவறாக யோசிக்கவில்லை. இங்கே ஆதாரம் இரண்டு பேரையும் கட்டாயப்படுத்தவில்லை.

கேட்டு நம்புவது

உரை என்ற அளவையைப் பற்றி இளைஞர்கள் பேசும்போது பெரும்பாலும் ஏளனம் இருக்கும். பெரியவங்க சொன்னாங்க, அதனால நம்பறேன் என்பதா ஆதாரம்? ஆனால் நம் அறிவில் எவ்வளவு இப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பிறந்த தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்? 2003இல் நியூவாட்டர் வந்தபோது, பயன்படுத்திய தண்ணீரை இத்தனை கட்டமாக வடிகட்டிச் சுத்தம் செய்திருக்கிறார்கள், குடிக்கலாம் என்று சொன்னார்கள். நான் குடித்தேன். ஆய்வுக்கூடத்துக்குப் போய் நான் எதையும் சோதிக்கவில்லை. சொன்னவர்களுக்கு விஷயம் தெரியும், ஏமாற்றக் காரணம் இல்லை, தவறினால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்பதால் நம்பினேன். நியாய மரபு இப்படிப்பட்டவரைத்தான் ஆப்தர் என்கிறது: விஷயத்தை நேரில் அறிந்தவர், அதை உள்ளபடி சொல்ல நினைப்பவர்.

பாட்டியிடமிருந்து முருகனைக் கற்றுக்கொண்ட குழந்தை அறிவில்லாத காரியம் எதையும் செய்யவில்லை. அதே பாட்டிதான் அடுப்பு சுடும் என்றும் சொன்னார், சரியாகவே இருந்தது.

ஆனால் தண்ணீரைச் சோதிக்கக் கருவி இருக்கிறது. மறையைச் சோதிக்க என்ன இருக்கிறது? அதைவிடப் பெரிய சிக்கல், ஆப்தர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்படுவது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நடந்து பாருங்கள். தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சில அடி தள்ளி, 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தால் 2007இல் திறந்த புத்தர் பல் ஆலயம். முதலாவது, இறைவன் ஒருவனே, அவனுக்கு உருவம் இல்லை என்கிறது. இரண்டாவதில் அம்மன் உருவத்தோடு இருக்கிறாள். மூன்றாவதன் மரபில் உலகைப் படைத்த கடவுள் என்ற பேச்சே தேவைப்படவில்லை. ஐந்து நிமிட நடைக்குள் மூன்று பதில். மூன்றிலும் நல்லவர்கள், கற்றவர்கள், பொய் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர்கள், 18.9 கிறிஸ்தவர்கள், 15.6 முஸ்லிம்கள், 8.8 தாவோயிசத்தவர், 5 விழுக்காட்டினர் இந்துக்கள். எந்தச் சமயமும் இல்லை என்றவர்கள் 20 விழுக்காடு. 2010இல் இவர்கள் 17 விழுக்காடாக இருந்தார்கள். வேறெங்கோ வாழ்பவருக்குச் சமய முரண்பாடு புத்தகத்தில் வரும் கேள்வி. நமக்கு அது மின்தூக்கியில் தினமும் கூட வருபவர்.

என்னைப் போலவே யோசிக்கத் தெரிந்த, என்னைப் போலவே நேர்மையான ஒருவர் எனக்கு நேர் எதிராக நம்புகிறார் என்றால், என் உறுதி கொஞ்சம் குறைய வேண்டும் என்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. முழுக்கக் கரைந்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. ஜூரோங்கில் நிற்பவரிடம் சாங்கிக்காரர் தொலைபேசியில் இங்கே வெயில் அடிக்கிறது என்றால், தன் தலைக்கு மேல் இருக்கும் மேகத்தை அவர் மறக்க வேண்டியதில்லை. ஆனால் தீவு முழுக்க மழை என்று இனிமேல் சொல்லக் கூடாது.

பாஸ்கலின் பந்தயத்தை இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 1662இல் இறந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் அவர். நம்பி, கடவுள் இருந்தால் எல்லையற்ற லாபம். நம்பி, இல்லாவிட்டால் பெரிய நட்டமில்லை. ஆகவே நம்பிவிடு என்பது கணக்கு. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் எந்த வாசலில் பந்தயம் கட்டுவது என்று கேட்டவுடன் அந்தக் கணக்கு தடுமாறுகிறது. லாபம் கருதி வரும் நம்பிக்கையை எந்தக் கடவுள் விரும்புவார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

உள்ளே காண்பது

பிளான்டிங்கா என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1960களிலிருந்து வேறொரு வழியில் போனார். நம் நம்பிக்கைகள் எல்லாமே வாதத்தின் மேல் நிற்பவை அல்ல என்கிறார் அவர். இன்று காலை தோசை சாப்பிட்டேன் என்று நம்புகிறேன். எதை வைத்து என்றால், நினைவிருக்கிறது, அவ்வளவுதான். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் என்னைப் போல உள்ளே ஒரு மனம் இருக்கிறது என்பதையும் யாரும் நிரூபித்துவிட்டு நம்புவதில்லை. அஸ்திவாரக் கல்லுக்குக் கீழே இன்னொரு கல் கேட்கமாட்டோம். கடவுள் இருந்து, தம்மை உணரும் திறனை மனிதருக்குக் கொடுத்திருந்தால், கடவுள் நம்பிக்கையும் அப்படி ஓர் அஸ்திவாரக் கல்லாக இருக்கலாமே என்பது அவர் வாதம்.

பெருமாள் கோயில் வாசலில் பால்குடத்தைத் தலையில் ஏற்றும்போது என் மைத்துனருக்கு என்ன நிகழ்கிறது என்று கேட்டால் அவர் வாதம் எதுவும் சொல்லமாட்டார். "கூடவே வர்றான்னு தெரியும்," என்பார். தோசையைப் போலவே நேராகத் தெரிகிறது அவருக்கு.

இங்கே எழும் ஆட்சேபம் வலுவானது. அப்படியானால் எதை வேண்டுமானாலும் அஸ்திவாரக் கல் என்று சொல்லிவிடலாமே? பேயைப் பார்த்தேன் என்பவரும், எண் கனவில் வந்தது என்பவரும் இதையே சொல்வார்களே? பிளான்டிங்காவின் பதில், அஸ்திவாரக் கல்லும் ஆட்டம் காணலாம் என்பது. நினைவு தவறு என்று காட்டும் சான்று வந்தால் நினைவைக் கைவிடுகிறோம். காலையில் நான் சாப்பிட்டது இட்லி என்று மனைவி சாப்பிட்ட தட்டைக் காட்டினால் ஒத்துக்கொள்வேன். அதுபோலக் கடவுள் அனுபவத்துக்கு எதிராகவும் சான்று வரலாம். வந்தால் அதற்கு முகம் கொடுக்க வேண்டும். கனவு எண்ணை நம்புகிறவர் நூறு முறை தோற்ற பிறகும் அசையாதது அங்கேதான் வேறுபடுகிறது. இந்தப் பதில் முழுமையானது என்று நான் சொல்லமாட்டேன். மூளையில் நடக்கும் ஏதோ ஒன்றுதான் அந்த உணர்வு என்று காட்டினால் என்ன செய்வது என்பது திறந்தே இருக்கிறது.

துன்பம்

கடவுள் நம்பிக்கைக்கு எதிரான சான்றுகளில் மிகப் பெரியது எது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே துக்க வீட்டுக்குப் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் பெட்டி சிறியதாக இருக்கும் நாளும் உண்டு. அப்படி ஒரு நாளில் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் அவன் செயல் என்று ஒரு பெரியவர் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தத் தாய் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

தத்துவத்தில் இதை இப்படிச் சொல்வார்கள். கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், முற்றிலும் நல்லவர். அப்படியானால் துன்பத்தைத் தடுக்க அவருக்கு வலிமையும் உண்டு, விருப்பமும் உண்டு. ஆனாலும் துன்பம் இருக்கிறது. 1955இல் ஆஸ்திரேலியரான ஜே. எல். மாக்கி, இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன, நம்பிக்கை தர்க்கத்திலேயே உடைகிறது என்று வாதிட்டார். மனிதருக்குச் சுதந்திரம் கொடுத்தால் தீமைக்கும் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆகவே முரண்பாடு இல்லை என்று பிளான்டிங்கா 1970களில் மறுத்தார். அந்த மறுப்புக்குப் பிறகு, முரண்பாடு என்று அழுத்திச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் குழந்தைக்கு வரும் புற்றுநோயில் யாருடைய சுதந்திரம் இருக்கிறது? முரண்பாடு இல்லாமல் போகலாம், எடை அப்படியே கிடக்கிறது.

நம் சமயங்களில் வினை என்ற பதில் இருக்கிறது. துன்பம் முன்வினைப் பயன், இறைவன் அதை ஊட்டுகிறான், அவன் கொடுமைக்காரன் இல்லை. முதல் வினை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆணவம் என்ற மூல அழுக்கு உயிரோடு தொடக்கமின்றியே ஒட்டியிருக்கிறது, செம்பில் களிம்பு போல, இறைவன் அதை உண்டாக்கவில்லை என்று சித்தாந்தம் சொல்லும். கட்டுக்கோப்பான பதில்தான், கடவுளின் நன்மையைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தக் குழந்தையின் தாயிடம் போய், உங்கள் பிள்ளை முற்பிறவியில் ஏதோ செய்தது என்று சொல்ல என்னால் முடியாது. சொல்லவும் கூடாது. ஒரு விளக்கம் தர்க்கத்தில் நின்றாலும் அங்கே போய் நிற்கவில்லை என்றால் அதில் ஏதோ குறைகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடவுளை நம்பும் நான் இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஆனால் இந்த எடையைத் தராசில் வைக்காமல் நம்புபவரை நியாயமாக நம்புகிறார் என்று என்னால் சொல்ல முடியாது. கிளிஃபர்டின் கப்பல் முதலாளியும் உள்ளுக்குள் கேட்ட ஓசையைத்தான் அமுக்கினார்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு என் அக்கா மகன் கேட்டது: "மாமா, நீங்க சூலியா பள்ளிவாசலுக்குப் பக்கத்துல ஒரு முஸ்லிம் வீட்டில பிறந்திருந்தா?" முஸ்லிமாகத்தான் இருந்திருப்பேன், பெரும்பாலும். ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்பது அது பொய் என்று காட்டாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதும் எனக்குப் பள்ளியில் சொல்லித்தான் தெரியும். ஆனால் பிறப்பால் வந்த நம்பிக்கையை ஒருவர் பெரியவரான பிறகு ஒரு தடவையாவது வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவனுடைய நம்பிக்கையின்மைக்கும் இதுவே பொருந்தும். அவன் வயதுக்காரர்கள், அவன் படித்த தொடக்கக் கல்லூரி, அவன் பார்க்கும் காணொளிகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தவை. அதை அவன் ஒத்துக்கொண்டான்.

அப்படி வெளியே எடுத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு கேள்வி: எது நடந்தால் விட்டுவிடுவாய்? எதுவுமே என்னை அசைக்காது என்பது பதிலானால், அங்கே எடை போடுவது நின்றுவிட்டது. என் பதிலை எழுதுகிறேன். என் நம்பிக்கை மூன்றில் நிற்கிறது. ஏன் எதுவும் இருக்கிறது என்ற வியப்பு, வழிபாட்டில் எப்போதாவது கிடைக்கும் ஓர் அமைதி, நான் மதிக்கும் சிலருடைய வாழ்க்கை. முதலாவதுக்குக் கடவுள் இல்லாத ஒரு முழு விளக்கம் வந்தால் நான் பாதி தளர்ந்துவிடுவேன். அந்த அமைதி எனக்கு எந்த நல்ல மாற்றத்தையும் தரவில்லை, வெறும் சுகம்தான் என்று என்னைத் தெரிந்தவர்கள் காட்டினால் அதையும் விடுவேன். துன்பத்தின் எடை இந்த மூன்றையும் தாண்டிவிட்டது என்று ஒரு நாள் எனக்குத் தோன்றலாம். தோன்றியதே இல்லை என்று சொல்லமாட்டேன். இன்றைக்கு அது தாண்டவில்லை.

அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"அன்னைக்கு டேங்க் ரோட்டுல அப்பா கோயில் படியேறும்போது அவர் முகத்தைப் பார்த்தேன் மாமா. அவருக்கு முட்டி வலி, நாலு கிலோமீட்டர் நடந்திருக்காரு. அந்த முகத்துக்கு என்கிட்ட விளக்கம் இல்ல. அதை முருகன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா விளக்கம் இல்லைங்கறதைக் குறிச்சு வச்சிருக்கேன்."